செட்டிநாட்டு வீட்டில் ஒரு சிறிய ரெக்கார்டிங் அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டிலேயே பாட்டு, கதை, பாடம், பேச்சு பதிவு செய்ய நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மைக் எது, லேப்டாப் எது என்பதை விட, எந்த அறை, அதில் எது எங்கே என்பதுதான் பதிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் பெரும்பாலான பதில்கள் அறையைச் சுற்றியே இருக்கும். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் தந்திருக்கிறேன். நம் கொத்தனாரும் தச்சரும் அப்படித்தான் பேசுவார்கள்.

பழைய செட்டிநாட்டு வீடு ரெக்கார்டிங்குக்கு ஏற்றதா?

பாதி வேலையை வீடு கட்டியவர்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடி, இரண்டு அடிச் சுவர்கள் தெருச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். புதிதாக ஒரு ஸ்டூடியோ கட்டினால் இந்தத் தடிமனுக்கே பெரும் பணம் போகும்.

மீதிப் பாதி அறைக்குள் இருக்கிறது. கண்ணாடி போல மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, கீழே ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப்போட்ட டைல்), தேக்கு மரக் கதவு எல்லாமே வழவழப்பு, எல்லாமே கெட்டி. விழுகிற சத்தத்தில் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். காலி அறையின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தை மாற்றி மாற்றி எறிவதால் வருவது அது. மைக் அதையும் சேர்த்துத்தான் பதியும்.

வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை, உள்ளே இருக்கும் எதிரொலியை அடக்குவது வேறு வேலை. முதலாவதற்குக் கனம் வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. இரண்டாவதற்குக் காற்று புகுந்து போகிற பஞ்சு போன்ற பொருள் தடிமனாக வேண்டும். ஒன்றுக்காக வாங்கிய பொருள் மற்றதற்கு உதவாது. ‘சுவரில் ஃபோம் ஒட்டினேன், பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் இன்னும் கேட்கிறது’ என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. ஃபோம் அதற்கானதே இல்லை.

எந்த அறையை எடுத்துக்கொள்வது?

முகப்பு வேண்டாம், தெரு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டாங்கட்டைத் தாண்டிய அறைகளில் அடுப்படிச் சத்தமும் கிணற்று மோட்டாரும் இருக்கும். மாடி அறைகள் அமைதிதான். ஆனால் சித்திரையில் மதியம் உட்கார முடியாது. வளவைச் (வீட்டு நடுவில் வானம் திறந்த முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்றுதான் பெரும்பாலும் சரியாக வரும். நான்கு பக்கமும் வீடே அரணாக நிற்கும், வெயிலும் நேராகச் சுவரில் விழாது. பல வீடுகளில் இந்த அறைகளில் பாத்திரமும் பெட்டியும் அடைந்து கிடக்கும். அதைக் காலி செய்யச் சம்மதம் வாங்குவதுதான் முதல் வேலை.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. நீங்கள் வழக்கமாகப் பதிவு செய்யப் போகும் நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு, செல்போனில் பத்து நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஹெட்போனில் கேளுங்கள். வளவுத் தூணில் உட்காரும் புறா, பட்டாலையில் (பெரிய கூடத்தில்) ஓடும் பழைய பெண்டுலம் கடிகாரம், எங்கோ இருக்கும் ஃபிரிட்ஜ் எல்லாம் அப்போதுதான் தெரியும். காது பழகிப்போய் விட்டுவிடும், மைக் விடாது.

ஊர்க் காலண்டரையும் பாருங்கள். மார்கழி விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர் இருக்கும். காரைக்குடி மீனாட்சிபுரம் பக்கம் வீடு என்றால் மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா. அந்த நாட்களில் பதிவு வேலையை ஒதுக்கிவிட்டு எடிட்டிங் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

(இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. சென்னை வடபழனிக்குப் போகும் முன் படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன் 1940களில் ஸ்டூடியோ நடத்தியது காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான்.)

அறை சதுரமாக இருந்தால் என்ன?

முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் அதன் நீள, அகல, உயரத்துக்கு ஏற்பச் சில தாழ்ந்த சுரங்கள் மட்டும் வீங்கி ஒலிக்கும். கணக்கு எளிது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1145 அடி போகிறது. அதைச் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தச் சுரத்தின் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது வரும்.

14 அடி நீளம், 10 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நீளத்துக்கு 41, அகலத்துக்கு 57, உயரத்துக்கு 48 ஹெர்ட்ஸ். மூன்றும் தள்ளித் தள்ளி விழுகின்றன, நல்லது. 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி என்றால் மூன்றும் 57 ஹெர்ட்ஸிலேயே வந்து குவியும். அதன் மடங்குகளான 114, 171-லும் அப்படியே. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) ஒரு தட்டில் ‘தும்ம்’ என்று அடங்காமல் நீளும், அடுத்த தட்டில் காணாமல் போகும். வாசிக்கிறவர் சரியாகத்தான் வாசிக்கிறார், அறைதான் மாற்றுகிறது.

சதுர அறைதான் இருக்கிறது என்றால் அதில் ஹெட்போனில் வேலை செய்யுங்கள், குரல் மட்டும் பதியுங்கள். தனிக் குரலுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

மேசையும் ஸ்பீக்கரும் எங்கே வைப்பது?

மேலே சொன்ன 14க்கு 10 அறையையே வைத்துச் சொல்கிறேன். 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். அப்போது ஸ்பீக்கர் சத்தம் அறையின் நீளவாக்கில் ஓடும், பின்சுவர் தூரத்தில் இருக்கும். அகலத்தில் சரியாக நடுவில் இருங்கள். இடப்பக்கம் 5 அடி என்றால் வலப்பக்கமும் 5 அடி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் திறந்த கதவு என்று இருந்தால் இரண்டு காதுக்கும் இரண்டு விதமாகக் கேட்கும்; ஒரு குரலை நடுவில் நிறுத்துவதற்கே பாடுபட வேண்டியிருக்கும்.

முன்சுவரிலிருந்து உங்கள் தலை ஐந்தேகால் அடியில் இருக்கட்டும். அறை நீளத்தில் 38 சதவீதம் என்ற பழைய கணக்கு இது. அங்கேதான் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆரம்பிக்க நல்ல இடம். அறையின் நட்டநடுவில் மட்டும் உட்காராதீர்கள், அங்கே பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) மெலிந்து போகும். பின்சுவரில் சாய்ந்தும் உட்காராதீர்கள், அங்கே பேஸ் வீங்கிவிடும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே நாலரை அடி. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உங்கள் காதுக்கும் அதே நாலரை அடி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம். ஸ்பீக்கரில் மேல் சுரங்களை ஒலிக்கும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்கச் சொல்கிறார்களே?

பெரிய அறைக்கு அது சரி. சிறிய அறையில் எதிர்மாறாகப் போய்விடும். ஸ்பீக்கரின் பின்னால் போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேர்ச் சத்தத்தோடு மோதி ஒரு சுரத்தைத் தின்றுவிடும். 3 அடி தள்ளி வைத்தால் அந்தப் பள்ளம் 95 ஹெர்ட்ஸ் பக்கம் விழும், அதை அடைக்க ஒலியை உறிஞ்சும் எந்தப் பேனலாலும் எளிதில் முடியாது. சுமார் 1.4 அடியில் வைத்தால் பள்ளம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அங்கே 4 அங்குலப் பேனல் வேலை செய்யும். ஆக, சுவருக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பேனலை நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் பேஸைக் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் ஒரு படி குறையுங்கள்.

பேனல் மாட்டச் சுவரில் ஆணி அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்தப் பூச்சு பல அடுக்காகச் சுண்ணாம்பு பூசி, கடைசி அடுக்கைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியது. ட்ரில் வைத்தால் ஓட்டையைச் சுற்றி ஓடு ஓடாகப் பெயரும். அதை சிமென்ட் வைத்து அடைத்தால் நிறமும் சேராது, சுவரின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் சுற்றியுள்ள சுண்ணாம்பும் உப்பிப் பெயரும். அந்த வேலை தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

நிற்கும் பேனல் செய்துகொள்ளுங்கள். 6 அடி உயரம், 2 அடி அகலத்தில் ஒரு மரச் சட்டம். தச்சரிடம் சொன்னால் ஒரு நாள் வேலை. உள்ளே 2 அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகை இரண்டு அடுக்கு, கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ வரை அடர்த்தி உள்ளது. கீழே இரண்டு பக்கமும் கால். மேலே துணி. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று மறுபக்கம் தாராளமாக வந்தால் அது சரியான துணி. நம் கைத்தறிப் பருத்தித் துணி நன்றாகவே வரும், ரெக்சின் வேண்டாம். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். இழை வெளியே வராமல் துணியை இழுத்து மூடித் தைக்க வேண்டும்.

சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் 4 அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்தக் காற்றிடைவெளி காசில்லாமல் கிடைக்கும் தடிமன். இன்னும் தாழ்ந்த சுரம் வரை பேனல் பிடிக்கும்.

ஆறேழு பேனல் இருந்தால் இந்த அறைக்குப் போதும். ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு, பக்கச் சுவர்களில் பக்கத்துக்கு ஒன்று, மீதி மூலைகளில் குறுக்காக. பேஸ் மூலையில்தான் சேரும், அதனால் மூலைப் பேனலுக்குப் பின்னால் எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் நல்லதே. பக்கச் சுவரில் எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு வைத்து மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல் நிற்க வேண்டும்.

கூரையை விட்டுவிடலாம். 12 அடி உயரக் கூரையில் பட்டு வரும் சத்தம் நேர்ச் சத்தத்துக்கு ஏறக்குறைய 11 மில்லி செகண்ட் பிந்தித்தான் வரும், பலமும் குறைந்திருக்கும். 9 அடிக் கான்கிரீட் கூரையில் இந்த வசதி கிடையாது.

முட்டை அட்டை, ஜமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை?

முட்டை அட்டை வேண்டாம். மிக மெல்லிசு, உச்சமான சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். எளிதில் தீப்பிடிக்கும், பூச்சியும் சேரும்.

ஜமுக்காளம் ஆத்தங்குடித் தரைக்கு நல்லது. காலடிச் சத்தமும் நாற்காலி உராய்வும் குறையும். ஆனால் எல்லாச் சுவரிலும் ஜமுக்காளமாகத் தொங்கவிட்டால் மேல் சுரங்கள் மட்டும் செத்துப் போய், பேஸ் அப்படியே இருக்கும். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வரும். ஒரு அங்குல ஃபோமுக்கும் இதே கதிதான்.

இலவம்பஞ்சு மெத்தை உண்மையிலேயே உதவும். நல்ல கனமான மெத்தை இரண்டை மூலையில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும். தீயில் சட்டென்று பற்றும் பொருள் என்பதால் விளக்கு, ப்ளக் பாயின்ட் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். புத்தகம் அடுக்கிய திறந்த அலமாரி பின்சுவரில் இருந்தால் அதை நகர்த்த வேண்டாம், ஒலியைப் பல திசைக்குச் சிதறவிடும்.

பாடுகிறவர் எங்கே நிற்க வேண்டும்?

பலர் மைக்குக்குப் பின்னால் பேனல் வைக்கிறார்கள். பெரும்பாலான குரல் மைக்குகள் முன்பக்கம் இருப்பதைத்தான் அதிகம் பிடிக்கும். முன்பக்கம் என்றால் பாடுகிறவரும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். அதனால் பேனல் நிற்க வேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப் பக்கம். இரண்டு பேனலை ஆங்கில ‘V’ வடிவில் கொஞ்சம் விரித்து வைத்து, அதற்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். மைக்கின் பின்பக்கம் லேப்டாப்பைப் பார்த்து இருக்கட்டும், அதன் ஃபேன் சத்தம் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் 6 முதல் 8 அங்குலம்.

ஆச்சிமாரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்ய வருகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். மிகவும் வேண்டிய வேலை. அவர்களை நிற்க வைக்காதீர்கள். பழகின பாயிலோ நாற்காலியிலோ உட்கார வைத்து மைக்கைத் தாழ்த்துங்கள். “ஆச்சி, வளையலை மட்டும் கொஞ்ச நேரம் கழட்டி வச்சுக்கிறீங்களா?” என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பாட்டு நடுவில் நிறுத்திக் கேட்டால் அந்தப் பாட்டு அதே மாதிரி மறுபடி வராது.

நாதஸ்வரம், தவில், வீணையெல்லாம் இந்த அறைக்குள் முடியுமா?

வீணை முடியும், அழகாக வரும். காரைக்குடி சகோதரர்கள் வாசித்த ஊர், வீணைக்கு ஒரு நல்ல மூலை ஒதுக்கத்தான் வேண்டும். குடத்துக்கு எதிரே ஒன்றரை அடியில், தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பார்த்து மைக்கை வையுங்கள். மீட்டும் நகச் சத்தம் அதிகமானால் இன்னும் அரை அடி தள்ளுங்கள்.

நாதஸ்வரமும் தவிலும் 10 அடி அறைக்குள் வேண்டாம். வளவுக்குப் போங்கள். மேலே வானம் திறந்திருப்பதால் சத்தத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியேறிவிடும். தாழ்வாரமும் தூண்களும் மீதியை உடைத்துத் திருப்பும். கல்யாண வீட்டில் நாம் கேட்டு வளர்ந்த நாதஸ்வர ஒலியில் பாதி வளவினுடையதுதான். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேர் எதிரே வைக்காமல் சற்று விலக்கி 4, 5 அடியில் ஒரு மைக். தவிலின் இரண்டு முகங்களில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து எவ்வளவு தூரமோ, அதைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்கட்டும். மதியம் 2 மணி முதல் 4 மணி வரை பறவைகள் அடங்கியிருக்கும். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை போட மறக்காதீர்கள்.

கேபிளை அறை ஜன்னல் வழியாக வளவுக்கு இழுத்தால், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் லேப்டாப்பும் உள்ளேயே இருக்கலாம். அதனால் அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே வளவைப் பார்த்த ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டாலையின் எதிரொலியைப் பாட்டுக்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கம்ப்யூட்டர் ரிவெர்ப் வருவதற்கு முன் பெரிய ஸ்டூடியோக்கள் வழவழப்பான காலி அறை ஒன்றை எதிரொலிக்காகவே கட்டி வைத்திருந்தன. உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. எதிரொலி இல்லாமல் பதிந்த குரலில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, பட்டாலையின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில் ஒலிக்க விடுங்கள். மறுகோடியில், ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி இரண்டு மைக். அவை பிடிப்பதைத் தனி ட்ராக்கில் பதிந்து, மூலக் குரலுக்கு அடியில் கேட்டும் கேட்காமலும் சேருங்கள். உங்கள் வீட்டு எதிரொலி வேறு யாரிடமும் கிடையாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ஊஞ்சலைக் கட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கதவு, ஜன்னல் வழியாகச் சத்தம் வருகிறதே?

சுவர் எவ்வளவு தடிமன் என்றாலும் ஓட்டை இருந்தால் வீண். இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே நின்று கதவைப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசியும். நம் இரட்டைக் கதவுகளில் நடுச் சேர்க்கையில்தான் பெரும்பாலும் கோடு தெரியும். கீழே நிலைப்படி உயர்ந்து நிற்பது நல்ல வசதி. அதில் கதவு வந்து மோதும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் இறுகிவிடும். ஜன்னலுக்கும் மேலே உள்ள வெண்டிலேட்டருக்கும், உள்பக்கம் அளவாகச் செருகி எடுக்கும்படி தடித்த ப்ளைவுட் பலகை செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட்டால் காற்றோட்டம் திரும்பிவிடும்.

ஏசி, ஃபேன்?

தடித்த சுவர் மெல்லத்தான் சூடாகும். பதிவுக்கு அரை மணி முன் அறையைக் குளிரவைத்து, டேக் ஓடும்போது ஏசியை நிறுத்துங்கள். வெளி யூனிட்டை அந்த அறைச் சுவரில் மாட்ட வேண்டாம். டேக் ஓடும்போது ஃபேனையும் நிறுத்துங்கள். மூடிய அறையில் இரண்டு பேர் இருந்தால் முக்கால் மணிக்கு ஒரு முறை கதவைத் திறந்து காற்று மாற்றுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாதீர்கள். மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறது.

பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் இருக்காது. எலக்ட்ரீசியனிடம் சொல்லி, மெயின் போர்டிலிருந்து இந்த அறைக்கு மட்டும் எர்த்தோடு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். சுவரை வெட்டாமல் மேலோட்டமாகக் குழாயில் கொண்டுவரலாம், மரச் சட்டத்தின் ஓரமாகப் போனால் கண்ணுக்கும் தெரியாது. இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், லேப்டாப் மூன்றும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். மைக் கேபிள் கரண்ட் வயரோடு சேர்ந்து ஓடக் கூடாது, குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் வகை. மற்ற வகையில் ஓடும்போது பதிவில் இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். இடி மின்னல் வந்தால் எல்லாப் ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

வீடு பங்காளிகளுக்குப் பொது. படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால் அறையைக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

அதனால்தான் எதையும் சுவரில் பொருத்தச் சொல்லவில்லை. நிற்கும் பேனல்கள், மடக்கும் மேசை, கேபிளுக்கு ஒரு பெட்டி. எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஒரு மூலைக்குப் போய்விட வேண்டும். ஸ்பீக்கர், நாற்காலி, பேனல் நின்ற இடங்களை ஒரு தாளில் வரைந்து, ஆத்தங்குடிக் கல் எத்தனையாவது வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தரை இருப்பதால் டேப் பிடித்து அளக்கவே வேண்டாம், எல்லாம் பழைய இடத்துக்கே வரும். தொடங்கும் முன் பங்காளிகள் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கும் ஒரு போன்.

எங்களுடையது புதிய கான்கிரீட் வீடு.

முக்கோணம், பேனல், கண்ணாடிச் சோதனை எல்லாம் அப்படியே பொருந்தும். சுவர் மெல்லிசு என்பதால் வெளிச் சத்தம்தான் பெரிய தலைவலி. தெருவை ஒட்டாத படுக்கை அறையை எடுங்கள், துணி நிறைந்த பீரோ இருக்கும் அறையென்றால் இன்னும் நல்லது. கூரை தாழ்வு என்பதால் தலைக்கு மேலேயும் ஒரு பேனல் தேவைப்படும். இங்கே கொக்கி போடலாம்.

எல்லாம் வைத்தாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மறுபடி கை தட்டுங்கள். ‘ட்ர்ர்ர்’ போயிருக்க வேண்டும். அடுத்து, நன்றாகப் பழகின ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கப் பேனலையோ ஸ்பீக்கரின் கோணத்தையோ சரிபாருங்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவெடுப்பதற்கான ஒரு மைக்கும் வைத்து, எந்தச் சுரம் வீங்குகிறது, எது பள்ளம் என்று வரைபடமாகவே பார்க்கலாம். நாற்காலியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். கோடு எந்த இடத்தில் குறைவாக மேடு பள்ளமாகிறதோ, அந்தக் கல் வரிசையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.